ஐ ஆம் கோயிங் என்று சொல்லிப் போனவள்

மாரிக்கனி வேலைக்குப் போனவள் போய்க்கொண்டே இருக்க ஆரம்பித்தது ஆடி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு என்பதை எங்கள் கீழச்சாலூரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால்தான் ஆளுக்கொன்று சொல்லுவார்கள். ஆடி வெள்ளியில் கோயிலுக்குப் போகாமல் மில்லுக்குப் போனது குற்றம் என்பார்கள், மில்லில் புதிதாக இறக்கிய மெஷினின் காற்று பட்டுவிட்டது என்பார்கள், மகள் இங்கிலீஷ் படித்த திமிரில் பெற்றவளை விரட்டிவிட்டாள் என்பார்கள். உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அந்த மகள் சுபாஷினி, ஒன்பதாம் வகுப்பு. மற்றவன் அவளுக்கு இங்கிலீஷ் எடுக்கிற வாத்தியார், சிகாமணி என்கிற நான். அவள் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காததற்கு என்ன பெயர் வைப்பது என்று முழுவதையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'கிராமர்' என்றுதான் சொல்லுவார்கள். இருபத்தேழு வருஷமாக எத்தனையோ தப்புகளைப் பார்த்தவன் நான். 'தி' போடவேண்டிய இடத்தில் மறப்பவர்கள், போடக்கூடாத இடத்தில் இரண்டு போடுபவர்கள், 'வாக்' என்பது 'வாக்ட்' ஆகும்போது 'கோ' மட்டும் ஏன் சார் 'கோட்' ஆகக்கூடாது என்று நியாயம் கேட்பவர்கள், நான் போனால் 'எஸ்' வேண்டாம் அவள் போனால் 'எஸ்' வேண்டும் என்பது எந்த ஊர் வழக்கம் என்று புரியாமல் தலையைச் சொறிபவர்கள், எல்லாரிடமும் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. ஒரே ஒரு தப்பைத்தான் பொறுக்கமாட்டேன். போயிட்டு வாரேன் என்பதை அப்படியே தூக்கி இங்கிலீஷில் வைத்து 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று எழுதுவது. டிரெயினிங் காலேஜில் சேர்ந்த முதல் வாரம் ஒரு புரொபசரிடம் நான் அப்படிச் சொல்லி விடைபெற்றேன், அறையே சிரித்தது, அந்த வருஷம் முடிகிறவரை எனக்குப் பெயரே 'கோ அண்ட் கம்' என்றாகிவிட்டது. அன்றைக்கு என்மேல் விழுந்த சிரிப்பைத்தான் இருபத்தேழு வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த வியாழக்கிழமை, இன்று காலை உங்கள் வீட்டில் பேசிக்கொண்டதை இங்கிலீஷில் ஐந்து வாக்கியமாக எழுதுங்கள் என்றேன். சுபாஷினி நன்றாக எழுதுகிற பிள்ளை. நாலு வாக்கியத்தில் கை வைக்க இடமில்லை. ஐந்தாவதாக, 'மை மதர் செட், ஐ வில் கோ அண்ட் கம்' என்று எழுதியிருந்தாள். நான் சிவப்புப் பேனாவால் 'அண்ட் கம்' என்ற இரண்டு சொல்லையும் தாள் கிழிகிற மாதிரி அடித்து, ஓரத்தில் 'போனால் போதும், கம் எதற்கு?' என்று எழுதினேன். நான் எப்போதும் எழுதுகிற வேடிக்கைதான் அது. பிறகு நோட்டைத் தூக்கிப் பிடித்து வாசித்துக் காட்டினேன், வகுப்பு சிரித்தது. மணி அடித்தபிறகு வராந்தாவில் அவள் என் பின்னாலேயே வந்து, எங்கம்மா அப்படித்தான் சொன்னாங்க சார், அதைத்தானே எழுதச் சொன்னீங்க என்றாள். அவள் கேட்டது சரி. சரியாகக் கேட்கிற பிள்ளையிடம்தான் வாத்தியாருக்குக் கோபம் வரும். அப்படியானால் உன் அம்மாவுக்கும் 'ஐ ஆம் கோயிங்' சொல்லிக்கொடு, நாளைக்கு அவள் வாயிலிருந்து அது சரியாக வரவில்லை என்றால் நீ என் வகுப்பில் உட்காரவேண்டாம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அன்று சாயந்தரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே மாரிக்கனி அந்த மூன்று சொல்லையும் படித்திருக்கிறாள். லாரி ஓட்டப் போன புருஷன் வடக்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு அந்த ஒரு மகளுக்காகவே நூல் மில்லுக்குப் போய் வந்துகொண்டிருந்தவள் அவள், மகள் சொல்லிக்கொடுத்தால் ஆகாயத்தைக்கூட மனப்பாடம் செய்வாள். பழக்கதோஷத்தில் நாலைந்து தடவை 'அண்ட் கம்' என்று வாலைச் சேர்த்தபோதெல்லாம் சுபாஷினி, அது வேண்டாம்மா, சார் திட்டுவாரு என்று வெட்டிவிட்டாள். காலையில் மில் வேன் வந்து நின்றதும், தெருவே கேட்கட்டும் என்று படியில் ஒரு காலை வைத்துத் திரும்பி, கையை ஆட்டி, மாரிக்கனி சத்தமாகச் சொன்னாள்.

"ஐ ஆம் கோயிங்."

வேனில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள், வேன் போயிற்று, மில் வாசலில் எல்லாரும் இறங்கினார்கள், மாரிக்கனியும் இறங்கினாள். இறங்கியவள் தூக்குச்சட்டியோடு வாசல் வழியாக உள்ளே போனாள், நூல் சுற்றும் கதிர்கள் ஓடுகிற கூடத்தின் குறுக்கே போனாள், தன் மெஷினைத் தாண்டிப் போனாள், சூப்பர்வைசர் கூப்பிடக் கூப்பிடப் பின்வாசல் வழியாக வெளியேறி உடைமரக் காட்டுக்குள் மேற்கே பார்த்துப் போய்க்கொண்டே இருந்தாள். சாயந்தரம் வேன் வந்தது, அவள் வரவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு அவள் எங்கள் தெருவில் போய்க்கொண்டிருந்தாள். கிழக்கேயிருந்துதான் வந்திருக்கவேண்டும், ஆனால் வருவதை யாரும் பார்க்கவில்லை. கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு வெறும் ரோடுதான் தெரிந்தது, பின்னாலிருந்து யாரோ "அன்னா போறா" என்றதும் திரும்பினால் அவள் முதுகு. எங்கள் பள்ளிக்கூடத்து ஜியாகிரபி வாத்தியார் பூமி உருண்டைதானே, மேற்கே போனவள் கிழக்கால்தான் வந்தாகவேண்டும் என்று சொன்னார், அதோடு அந்தக் கேள்வி தீர்ந்தது. அன்றிலிருந்து தினமும் அதே நேரம், அதே நீலப்பூப் போட்ட சேலை, அதே தூக்குச்சட்டி, ஓட்டமும் இல்லாமல் நடையும் இல்லாமல் வேலைக்கு நேரமாகிவிட்ட பெண்களுக்கு மட்டும் தெரிந்த அந்த எட்டு. களைப்பு இல்லை, பசி இல்லை, நிற்க மட்டும் முடியவில்லை, திரும்ப முடியவில்லை. வீட்டு வாசலில் தங்கச்சி மறித்து நின்று உள்ளே வாயேன்க்கா என்று அழுதபோது, மறித்தவள் எப்படியோ பின்னால் போயிருந்தாள், முன்னால் மாரிக்கனி போய்க்கொண்டிருந்தாள். "வரத்தான்டி பாக்கேன், காலு போய்க்கிட்டே இருக்குல்லா" என்றாள், ஏதோ சேலை முந்தானை கதவில் மாட்டிக்கொண்டதைச் சொல்வதுபோல.

ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகாது ஊர். டீக்கடை செல்லப்பா கிளாஸை நீட்டிக்கொண்டு கூடவே நடப்பான், அவள் குடித்துக்கொண்டே நடப்பாள், பாலத்துக்கிட்டே கிளாஸை வாங்கிக்கொண்டு திரும்புவான். ரேஷன் கடைக்காரர் கைரேகை மெஷினைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவளோடு நடந்து விரலை வாங்கிக்கொண்டார். ரவிக்கைக்கு அளவெடுக்கத் தையல்காரி நடந்தாள். முதுகு அளவு மட்டும்தான் சரியாக வந்தது. கணக்கெடுப்புக்கு வந்த தாலுகா ஆபீஸ்காரர், வீட்டில் இருப்பவர் என்பதா வெளியூர் சென்றவர் என்பதா என்று பேனாவைக் கடித்துக்கொண்டு நின்று, கடைசியில் 'சென்றுகொண்டிருப்பவர்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

போகும்போது சொல்லிக்கொண்டு போவதில் ஊர் அப்படியொரு கவனமாகிவிட்டது. மூலைக் கடைக்கு உப்பு வாங்கப் போகிறவன்கூட வாசலில் நின்று போயிட்டு வாரேன், போயிட்டு வாரேன் என்று இரண்டு தரம் சொன்னான். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவது நம் வழக்கம், அப்படியிருந்தும் ஒரு துக்க வீட்டில் வாய்தவறி வாரேன் என்று சொல்லிவிட்டு ஒருத்தன் அடி வாங்காத குறையாக ஓடினான். இன்னொரு பக்கம், என்னிடம் ரகசியமாக வந்தவர்களும் உண்டு. எங்க மாமியாருக்கு அந்த இங்கிலீஷை ஒருநாள் சொல்லிக்குடுத்திருங்க சார், புண்ணியமாப் போகும் என்று கேட்ட மருமகள்கள் மூன்று பேர், மருமகளுக்குக் கேட்ட மாமியார்கள் நாலு பேர். நான் சிரித்து அனுப்பினேன். சிரிக்க முடிந்தது என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

எல்லாரும் இங்கிலீஷைச் சொன்னார்கள், இங்கிலீஷைச் சொல்லிக்கொடுத்த மகளைச் சொன்னார்கள், மகளுக்குச் சொல்லிக்கொடுத்த என்னை மட்டும் யாரும் சொல்லவில்லை. வாத்தியார் என்றால் அப்படியொரு சௌகரியம் உண்டு. தண்ணிக் குழாயில் சுபாஷினியின் குடத்தைத் தள்ளி வைத்தார்கள், எங்கிட்ட இங்கிலீஷ் பேசிராதம்மா என்று பெரியவர்களே கும்பிட்டார்கள். அவள் தினமும் ஏழரைக்கு யூனிபார்மோடு ஓடி வந்து, தாய்க்கு அரை எட்டுப் பின்னால், காதும் மூக்குத்தியும் தெரிகிற தூரத்தில் நடந்துகொண்டே சாப்பிட்டதையும் சாப்பிடாததையும் சொல்லிக்கொண்டு பாலம்வரை போய்விட்டு, அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடி வருவாள். வகுப்பில் என் முகத்தைப் பார்க்கமாட்டாள். நான் கரும்பலகையில் பிரசென்ட் கண்டினியூவஸ் என்று எழுதி, இதில் செயல் இன்னும் முடியவில்லை என்று விளக்கவேண்டிய நாளில் எனக்குச் சாக்பீஸ் மூன்று தரம் ஒடிந்தது.

நான் சும்மா இருந்தேன் என்றும் சொல்லமுடியாது, யாருக்கும் தெரியாமல் செய்தேன், அவ்வளவுதான். பாலம் தாண்டி ஆள் இல்லாத இடத்தில் காத்திருந்து மாரிக்கனியோடு நடந்து, சுத்தமான இங்கிலீஷில் 'ஐ வில் கம் பேக்' என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் அழகாகச் சொன்னாள், ஆனால் அது நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போயிற்று. 'ஐ ஹேவ் கம்' என்று சொல்லச் சொன்னேன். வராமலே வந்துட்டேன்னு எப்படி சார் சொல்ல, பொய்யில்லா அது என்றாள். என்மேல் கோபம் உண்டா என்று கேட்க நினைத்துத் தொண்டைவரை கொண்டுவந்து விழுங்கினேன். அவளோ, எம்மக நல்லா படிக்காளா சார் என்று கேட்டாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

நல்லா படிக்கவில்லை. காலாண்டுப் பரீட்சையில் 'என் தாய்' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தது. சுபாஷினியின் தாளில் ஒரே வாக்கியம்: 'மை மதர் இஸ் கோயிங்.' நான் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு அந்த நாலு சொல்லையும் ஒரு மணி நேரம் பார்த்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை. அப்படித் தப்பில்லாத வாக்கியத்தை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் சித்தி டி.சி. கேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். தலைமையாசிரியை ஆக்னஸ் டீச்சர் எவ்வளவோ பேசிப் பார்த்தார். சித்தியோ, இவ இங்கிலீஷ் படிச்சுப் பெத்தவளை அனுப்பினது போதும், இனி தாய் இடத்துக்கு மில்லுக்குப் போகட்டும் என்பதில் உறுதியாக இருந்தாள். சுபாஷினி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல், ஒரே ஒரு சொல், சிகாமணி சார்தான் சொல்லச் சொன்னாங்க என்று அவள் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வாத்தியாரைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது, வாத்தியார் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த நேரம் எனக்கு என்மேல் வந்த அருவருப்பை எழுத எந்தப் பாஷையும் வேண்டாம்.

வராந்தாவில் அவளைப் பிடித்து, அந்த நோட்டைக் கொடும்மா, அடித்ததைச் சரிபண்ணிவிடுகிறேன், உன் அம்மா வந்துவிடலாம் என்றேன். அன்றைக்குத்தான் அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"இங்க வச்சு வேண்டாம் சார். நீங்க, எல்லாரும் பாக்கத்தானே அடிச்சீங்க."

செவ்வாய்க்கிழமை காலை வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என் மனைவி கோமதி வழக்கம்போல வாசல்வரை வந்து, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போங்க என்றாள். அவள் ஏழு வருஷமாக அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எங்கள் மகன் ரவீந்திரன் கனடாவுக்குப் போனதிலிருந்து. ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்த பிறகும் நான் கிளம்புறேன் என்றுதான் சொல்லிவந்தேன், கொள்கை. அன்றைக்குச் சொன்னேன். அவள் நம்பாமல் கூடவே வந்துவிட்டாள்.

ஏழரைக்குத் தெருவில் டீக்கடை, பால்காரன், மில் வேன், குழாயடி எல்லாம் இருந்தது. அன்னா போறா என்று குரல் வந்ததும் நான் சுபாஷினியிடம் நோட்டை வாங்கி விரித்துக்கொண்டு மாரிக்கனியின் பின்னால் நடந்தேன். நடந்துகொண்டே வகுப்பெடுக்கிற குரலில் சொன்னேன். ஐயா, அம்மா, எல்லாரும் கேளுங்கள். இந்தப் பிள்ளை தானாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று ஒழுங்காகத்தான் எழுதியிருந்தாள், நான்தான் வருவதை அடித்துவிட்டு, 'போனால் போதும்' என்று எழுதினேன், நான்தான் வகுப்பைச் சிரிக்கவைத்தேன், நான்தான் பெற்றவளையும் அப்படிச் சொல்லவைக்கச் சொன்னேன், சொல்லாவிட்டால் உட்காராதே என்றேன், நான்தான் ஐம்பத்திரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போகிறவர்கள் வரவேண்டும் என்று நினைக்கிற பாஷையில் இது தப்பே இல்லை. நான் படித்த படிப்புத்தான் தப்பு.

செல்லப்பா கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் நடந்தபடியே சுபாஷினியின் முதுகுப்பையில் நோட்டை வைத்து, அடித்த இரண்டு சொல்லையும் கோட்டுக்கு மேலே மறுபடி எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டேன். நடக்கும்போது போட்டதால் அது கோணலாகத்தான் விழுந்தது.

முன்னால் போய்க்கொண்டிருந்த மாரிக்கனி, "என்னட்டி சொல்லுதாரு உங்க சாரு?" என்று கேட்டாள்.

"நீ சொன்னதுதான் சரியாம், அம்மா."

"நான் அன்னைக்கே சொன்னேன்லா." அதற்குமேல் அவள் அதைப் பெரிதுபண்ணவில்லை. பாலத்தில் கால் வைக்கும்போது, பழையபடி, யாரும் சொல்லிக்கொடுக்காமல், "சரிட்டி, நான் போயிட்டு வாரேன்" என்றாள். போனாள்.

அன்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கவில்லை. சாயந்தரம் ஐந்தே முக்காலுக்கு ஊர் பாலத்தடியில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு அவள் வந்தாள். வந்தாள், அதை எல்லாரும் பார்த்தார்கள். தூரத்தில் நீலப்பூச் சேலை, பிறகு தூக்குச்சட்டி, பிறகு முகம். அந்த முகத்தை நாங்கள் பாதி மறந்திருந்தோம், கொஞ்சம் வெளுத்திருந்தது, வெயிலெல்லாம் முதுகுதான் வாங்கியிருந்தது. சுபாஷினி ஓடவில்லை. ஓடினால் மறுபடி முதுகாகிவிடுமோ என்று பயந்து நின்ற இடத்திலேயே நின்றாள், மாரிக்கனிதான் வந்து அவள் தாடையைப் பிடித்து, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு, தூக்குச்சட்டியைத் திறந்து மோந்து பார்த்து, சோறு ஊசிப்போச்சே என்று வருத்தப்பட்டாள். என்னைக் கடந்து போகும்போது, வாரேன் சார் என்றாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒன்று சரியாயிற்று என்று மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது. கோமதி உள்ளே தகரப்பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பழைய நோட்டோடு வந்து என் மடியில் வைத்தாள். ஆறாம் வகுப்பு, சி. ரவீந்திரன். என் மகன் என் வகுப்பில்தான் படித்தான். அவள் விரித்துக் காட்டிய பக்கத்தில், குண்டு குண்டான எழுத்தில், 'அப்பா, ஐ வில் கோ அண்ட் கம்' என்று இருந்தது. 'அண்ட் கம்' சிவப்பில் அடித்திருந்தது, தாள் கிழிகிற மாதிரி. ஓரத்தில் என் கையெழுத்து. போனால் போதும்.

அவனை எழுந்து நிற்கவைத்ததும், வாத்தியார் மகனென்று சலுகை இல்லை என்று காட்டுவதற்காக எல்லாரையும்விட நான் சத்தமாகச் சிரித்ததும் ஞாபகம் வந்தது. ஏர்போர்ட்டில் அவன் 'ஐ ஆம் லீவிங்ப்பா' என்று சொன்னபோது, உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டதும், இவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு போயிட்டு வாரேன்னு சொல்லுப்பா என்று அழுததும்.

"இதையும் தெருவுல வச்சுத்தான் போடணுமா," என்று கேட்டாள் கோமதி, "இல்ல, இங்கயே போட்டாப் போதுமா?"

நான் பேனாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பாலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அவர்களிடம் காட்டினேன், வாசித்தேன், என் மகனைப் பார்த்து நான் சிரித்ததைச் சொன்னேன், தெருவிளக்குக் கம்பத்தில் நோட்டை வைத்து இரண்டு சொல்லையும் எழுதி டிக் போட்டேன். இது நேராகவே விழுந்தது.

கோமதி அந்தப் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவளுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, நான் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. ஒரு சொல்லில் விரலை வைத்து, "இந்த 'வில்'லுன்னா எப்ப?" என்று கேட்டாள்.

இருபத்தேழு வருஷமாக நான் நடத்திய பாடம் அது. தெருவே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.